"இது எத்தனையாவதுங்க?": துப்பாக்கி சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு குடும்ப வழிகாட்டி

பதினோரு நாள் அந்த ரைஃபிள் கார் டிக்கியில் கிடந்தது. பழைய ஜமக்காளத்தில் சுற்றி, ஸ்டெப்னி டயருக்கு மேலே. பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. இந்தியக் கடையில் வாங்கிய இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டையை வைக்க என் மனைவி டிக்கியைத் திறந்தாள். கத்தவில்லை. மூட்டையை அதன் மேலேயே வைத்து மூடினாள். வண்டியில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "இது எத்தனையாவதுங்க?" என்றாள்.

"ஆறு."

"எனக்கு நாலுன்னுதான் தெரியும்."

வீடு வந்து சேரும்வரை வேறு பேச்சில்லை.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. வாரக்கடைசி விருந்துகளில் யாராவது ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கிரீன் கார்டு வந்துடுச்சு, ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன், வீட்லதான் ஒத்துக்க மாட்டேங்கறா" என்று ஆரம்பிப்பார். ஒன்று வாங்குபவர் ஒன்றோடு நிற்பதில்லை என்பது அவருக்கு அப்போது தெரியாது. அவருக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் நான் செய்த தப்புகளிலிருந்து கற்றது. அந்த ஆறாவது துப்பாக்கியை என் மனைவி மன்னித்துவிட்டாள். பதினோரு நாளைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

முதலில் சட்டம்: வீட்டில் யார் தொடலாம்?

வீட்டுச் சண்டைக்கு முன்பே தீர்க்க வேண்டியது இது. எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களின் குடும்பத்தார்), எஃப்-1 (படிப்பு) போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. அந்தச் சந்து வழியாக நுழையப் பார்க்கும் தம்பிகளுக்கு என் பதில், கிரீன் கார்டு வரும்வரை பொறு என்பதுதான். இத்தனை வருஷம் காத்திருந்த வரிசையை ஒரு பொழுதுபோக்குக்காகப் பணயம் வைப்பானேன்?

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். லைசென்ஸ் உள்ள கடையில் ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21. படிவம் 4473-ஐ நிரப்புவீர்கள். 1998 முதல் நடைமுறையில் இருக்கும் நிக்ஸ் என்ற பின்னணிச் சோதனையில் கடைக்காரர் உங்கள் பெயரைச் சரிபார்ப்பார். பல நேரங்களில் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் இதற்குப் பிறகுதான். உங்களுக்குக் கிரீன் கார்டு வந்து, மனைவி இன்னும் எச்-4-இல் இருந்தால் அந்தத் தடை அவருக்கு உண்டு. ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மாவுக்கும் உண்டு. துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டியான சேஃபின் நம்பர் தெரிந்திருப்பதே 'கைவசம் இருக்கிறது' என்ற வாதத்துக்கு இடம் கொடுக்கலாம். ஆகவே அவர்களுக்கு நம்பரைச் சொல்லாதீர்கள். ஊரிலிருந்து வந்த மாமாவை ஆசையாக ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, கூட்டிப்போவதற்கு முன்னால் ஒரு வக்கீலைக் கேளுங்கள். விசாவில் இருக்கும் நண்பர் "உன் பேர்ல வாங்கிக் குடுடா" என்றால் அன்றோடு அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். 2022-இல் வந்த சட்டப்படி அதற்கு 15 ஆண்டுவரை சிறை உண்டு.

மறுப்பு ஒன்றல்ல

"வீட்ல ஒத்துக்கல" என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அதற்குள் நாலைந்து வேறு வேறு விஷயங்கள் இருக்கும். ஒன்றுக்கான பதில் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பயப்படுகிறவரிடம் விலை குறைவு என்று சொல்லிப் பயனில்லை. பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவரிடம் பூட்டின் தரத்தைப் பற்றிப் பேசியும் பயனில்லை.

டிக்கி சம்பவத்துக்கு அடுத்த வாரம், ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். எழுதி முடிக்கும்வரை பதில் பேசுவதில்லை, அன்றைக்கே வாதாடுவதில்லை என்று ஒப்பந்தம். ஏழு வரி எழுதினாள். பணம் முதலிடத்தில் இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவதாக இருந்தது. இரண்டாவது, மகளின் தோழிகள் வீட்டுக்கு வருவது. நான்காவது, அலமாரியில் இடம். ஐந்தாவது, "தமிழ்ச் சங்கத்துல உங்களை 'துப்பாக்கி அண்ணா'ன்னு கூப்பிடறாங்க, எனக்குப் பிடிக்கல." முதல் வரி இது: "நீங்க ஆபீஸ் டென்ஷன்ல வர்ற நாள்ல அது வீட்ல இருக்கறது எனக்குப் பிடிக்கல."

அந்த வரியைப் படித்தபோது வந்த கோபத்தை விழுங்கியதுதான் இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுத் தாளில் வேறு ஏழு வரி இருக்கும். எழுதி வாங்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சேஃப்: துப்பாக்கிக்கு முன்னால் வாங்க வேண்டியது

முதல் துப்பாக்கியை வாங்கிவிட்டு, 'அப்புறம் சேஃப் வாங்கிக்கலாம்' என்று அலமாரி மேல் தட்டில் வைப்பவர்கள்தான் அதிகம். நானும் வைத்தேன். தலைகீழ் வரிசை அது.

டெக்சாஸ் சட்டப்படி, சுடத் தயாரான நிலையில் உள்ள துப்பாக்கி உங்கள் அசட்டையால் 17 வயதுக்குக் கீழான பிள்ளையின் கைக்கு எட்டினால் அது குற்றம். பிள்ளை சுட்டு யாருக்காவது உயிர் போனாலோ பலத்த காயம் பட்டாலோ தண்டனை கூடும். சட்டத்தை விடுங்கள். ஒன்பது வயதுக் குழந்தை நாற்காலி போட்டால் எட்டாத இடம் எந்த வீட்டிலும் கிடையாது.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, '24 துப்பாக்கி கொள்ளும்' என்று விளம்பரத்தில் இருந்தால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலஸ்கோப் வைத்த ரைஃபிள்களும் ரைஃபிளைத் திறந்து மூடும் நீண்ட போல்ட் கைப்பிடிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இரண்டு, தரையோடு போல்ட் போட்டு இறுக்காத சேஃபை இரண்டு பேர் கை வண்டியில் தள்ளிக்கொண்டு போய்விடலாம். ஆனால் டாலஸ் பக்கம் பல வீடுகளின் கான்கிரீட் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய இரும்புக் கேபிள்கள் ஓடுகின்றன. கராஜ் தரையில் அதற்கான எச்சரிக்கை முத்திரை இருக்கிறதா பாருங்கள். கேபிள் எங்கே என்று தெரியாமல் துளை போட்டால், கேபிள் அறுந்து தளமே பாழாகும், ஆளுக்கும் ஆபத்து. தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மூன்று, உள்ளே ஈரத்தைப் போக்கும் சூட்டுக் கம்பி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் பூட்டி வைத்தது பத்திரமாகத் துருப்பிடிக்கும்.

ஒரு நல்ல செய்தி: 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் துப்பாக்கி சேஃபுக்கும் பூட்டுக்கும் விற்பனை வரி இல்லை. கேபிள் பூட்டு இலவசமாகவே கிடைக்கும். 'பிராஜெக்ட் சைல்ட்சேஃப்' திட்டத்தில் பல ஊர் போலீஸ் நிலையங்கள் கொடுக்கின்றன. தோட்டாக்களைத் தனியாக, வேறு பூட்டில் வையுங்கள். நம்பர் பிள்ளையின் பிறந்த நாளாக இருக்க வேண்டாம். பிள்ளைகள் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான்.

தாளின் இரண்டாவது வரிக்கு இது மட்டும் போதவில்லை. மகளின் தோழிகள் வருவதற்கு முன் அவர்களுடைய அம்மாவிடம் நாமே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தோம்: "எங்க வீட்ல துப்பாக்கி இருக்கு, எல்லாம் சேஃப்ல பூட்டியிருக்கு." சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளையை விளையாட அனுப்பும் முன் இதைக் கேட்கச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பெற்றோருக்கு அறிவுரை தருகிறார்கள். ஒரு குடும்பம் அனுப்ப மறுத்தது. அந்தப் பெண்ணை நாங்கள் பூங்காவில் சந்திக்கிறோம். அவ்வளவுதான்.

பணம்

டெக்சாஸ், கணவன் மனைவிக்குப் பொதுச் சொத்து என்ற முறை உள்ள மாநிலம். கல்யாணத்துக்குப் பிறகு சம்பளத்தில் வாங்கியது பொதுவாக இருவருக்கும் சொந்தம். "என் துப்பாக்கி" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த ஒவ்வொன்றிலும் பாதி அவளுடையது. இதைத் தெரிந்துகொண்டது அவள்தான், நான் அல்ல.

விலைச்சீட்டில் உள்ள தொகையைச் செலவு என்று நினைக்காதீர்கள். தோட்டா, ரேஞ்சுக் கட்டணம், எண்ணெய், சேஃப், காப்பீடு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. காப்பீட்டை மறந்தே போவோம். பல வீட்டு பாலிசிகளில் துப்பாக்கித் திருட்டுக்கு 2,500 டாலர் அளவில் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

எங்கள் ஏற்பாடு: மாதாமாதம் இருவர் பெயரிலும் தனித்தனிக் கணக்கில் ஒரே தொகை போகும். அதற்குக் கேள்வி கிடையாது. நான் இரும்பாக்குகிறேன், அவள் நகைச்சீட்டு மாதிரி சேர்த்துத் தங்கமாக்குகிறாள். பத்து வருஷம் கழித்து யார் கெட்டிக்காரர் என்று தெரியும். எனக்கு இப்போதே தெரியும் போலிருக்கிறது.

"இது முதலீடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். ரஷ்ய மோசின்-நாகந்த் ரைஃபிள் 2010 வாக்கில் நூறு டாலருக்கும் கீழே கிடைத்தது, இன்று பல நூறு என்று கணக்குக் காட்டினேன். "வித்தாத்தானேங்க லாபம்?" என்றாள். விற்றதில்லை. வாயடைத்துப்போனேன்.

பேசியதில் இரண்டு விதிகள் வந்தன. எண்ணிக்கை பத்து. பத்துக்குப் பிறகு ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். அப்போது கசந்தது. ஆனால் சேர்ப்பதற்கு ஒரு முகம் வந்ததே இந்த விதியால்தான். அதுவரை விலை மலிவாகக் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தேன். என் அப்பா ஊரில் ஆயுதப்படைக் காவலர். சின்ன வயதில் அவர் தோளில் பார்த்த த்ரீ நாட் த்ரீதான் என் ஆசைக்கு வேர். ஆகவே அது சேர்ந்த லீ-என்ஃபீல்டு ரைஃபிள் குடும்பம் மட்டும் போதும் என்று வரம்பு கட்டினேன். பிளாஸ்டிக் உடம்பு வைத்த பிஸ்டல்கள் இரண்டும் மோசினும் வெளியே போயின. கடைசியில் வந்து சேர்ந்தது ஓர் இஷாப்பூர் 2ஏ1.

கொல்கத்தாவுக்குப் பக்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு, பழைய த்ரீ நாட் த்ரீ வடிவத்தையே 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிய ரைஃபிள். தோட்டா அடுக்கும் மேகசின் சதுரமாகி, பத்துக்குப் பதில் பன்னிரண்டு கொள்ளும். பக்கவாட்டில் ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) என்ற எழுத்தும் 1967 என்ற வருஷமும் கொத்தியிருக்கும். என் மனைவி அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்து, "நம்மள மாதிரியே அங்கேர்ந்து வந்ததா?" என்றாள். அவளாகக் கையை நீட்டித் தொட்ட முதல் துப்பாக்கி அதுதான்.

பழையவற்றைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு லைசென்ஸ் உண்டு. சி அண்ட் ஆர் என்பார்கள். மூன்று வருஷத்துக்கு 30 டாலர். 50 வருஷத்துக்கு மேல் பழையவற்றைக் கடைக்குப் போகாமல் வீட்டுக்கே வரவழைக்கலாம். வந்தது, போனது எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். வசதியானதுதான். ஆனால் புதியவர்கள் இரண்டு வருஷமாவது பொறுத்து எடுங்கள். நள்ளிரவில் ஒரு பொத்தானை அழுத்தினால் நீளமான அட்டைப்பெட்டி வாசலுக்கு வந்துவிடும். பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள். பகலில் கதவைத் திறப்பது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சமையலறையும் கராஜும்

இதை யாரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் பாதிச் சண்டை இதில்தான் வந்தது.

பழைய ராணுவ ரைஃபிள்கள் காஸ்மோலின் என்ற பழுப்பு கிரீஸில் முக்கியெடுத்து வரும். மரத்தின் துளைகளுக்குள்ளே ஏறியிருக்கும். அதை உருக்கச் சிலர் சமையலறை ஓவனில் வைப்பார்கள். வைக்காதீர்கள். கேக் மூன்று மாதம் பெட்ரோல் பங்க் வாசனை அடிக்கும். டெக்சாஸின் ஜூலை வெயில் இருக்கும்போது ஓவன் எதற்கு? மரக்கட்டையைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றி, கறுப்புக் குப்பைப் பையில் போட்டு வெயிலில் கிடத்துங்கள். மணிக்கொரு தரம் துணியை மாற்றினால் கிரீஸ் தானாக வெளியே வியர்க்கும். முன்வாசலில் கிடத்தினால் நீளமான கறுப்புப் பையைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வந்து விசாரிப்பார். பின்பக்கம் வையுங்கள்.

அந்தக் காலத்து சோவியத் தோட்டாக்களில் பலவற்றின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) சுட்ட பிறகு உப்பை விட்டுப்போகும். அன்றே குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் துரு. வெந்நீர் ஊற்ற நான் எடுத்தது அவள் எண்ணெய் ஊற்றும் எவர்சில்வர் புனல். ஒரு டாலருக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் புனலுக்குச் சோம்பல்பட்டு ஒரு வாரம் சாம்பார் இல்லாமல் சாப்பிட்டேன்.

ஈயம் விளையாட்டல்ல. ரேஞ்சிலிருந்து வந்தால் கையும் முகமும் சோப்புப் போட்டுக் கழுவி, உடையைத் தனியாகத் துவைத்து, ஷூவைக் கராஜிலேயே விடுங்கள். அதற்குப் பிறகு குழந்தையைத் தூக்கலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னும் கண்டிப்பு வேண்டும். மனைவி சொல்லும் முன் இதைச் செய்தால் தாளில் ஒரு வரி குறையும்.

ஆயுத பூஜைக்கு ரைஃபிளில் சந்தனம் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஈரச் சந்தனம் நீல முலாம் பூசிய எஃகில் ராத்திரியோடு துருப்பொட்டாகிவிடும். சேஃப் கதவுக்குப் பொட்டு வையுங்கள், சாமி ஏற்றுக்கொள்ளும்.

ரேஞ்சுக்கு அழைப்பது

ஒருமுறை கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். வந்தால், மோசினையோ த்ரீ நாட் த்ரீயையோ முதலில் கையில் கொடுத்து, தோள் கன்றிப்போவதைப் பார்த்துச் சிரிக்கிற வேலை வேண்டாம். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்தது. தோளை உதைக்காத .22 ரைஃபிள், திறந்தவெளி ரேஞ்சு, காதுக்கு நல்ல மஃப், கூட்டமில்லாத வார நாள் காலை. சொல்லிக்கொடுக்க நீங்கள் வேண்டாம், சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் இருக்கட்டும். கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த நாள் நினைவிருக்கிறதல்லவா?

என் மனைவி இரண்டு முறை வந்தாள். நன்றாகவே சுட்டாள். பிடிக்கவில்லை என்றாள். ஆனால் ரைஃபிளின் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கத் தெரிந்துகொண்டாள். எனக்கு அது போதும்.

பேரம் பேசக் கூடாத இடம்

இப்போது அந்த முதல் வரி. அமெரிக்காவில் துப்பாக்கியால் ஏற்படும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. இதைத் தெரிந்துகொண்டுதான் அவள் எழுதினாளா என்று நான் கேட்கவில்லை. மனச்சோர்வு, குடி, வேலை போவது, கட்டுக்கடங்காத கோபம், இவற்றில் எதையாவது பார்த்து மனைவி "வேண்டாம்" என்றால் அங்கே கணக்கும் விதியும் பேசக் கூடாது. எடுத்துவிட வேண்டும். சில துப்பாக்கிக் கடைகளும் ரேஞ்சுகளும் தற்காலிகமாகப் பூட்டி வைத்துத் தருகின்றன. மனம் தாங்காத ராத்திரியில் 988 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

அவருடைய பயம் உங்களையே பார்த்துத்தான் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. குடும்ப வன்முறைக்காகச் சிறு குற்றத் தண்டனை பெற்றவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996 முதல் மத்தியச் சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவர் மீதான தடையை, டெக்சாஸிலிருந்து போன வழக்கிலேயே, 2024-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

போன வருஷம் எங்கள் டீமில் ஆட்குறைப்பு. என் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியாமல் தூக்கமில்லாமல் இருந்த நாட்கள். நானே கேட்டு, சேஃப் நம்பரை அவளை மாற்றச் சொன்னேன். எட்டு வாரம் எனக்கு நம்பர் தெரியாது. பெயர் வரவில்லை என்று உறுதியான பிறகும் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள். நானும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு நோட்டும் ஒரு பையும்

ஒவ்வொன்றின் பெயர், வரிசை எண், வாங்கிய விலை, இன்றைக்கு விற்றால் என்ன வரும், யாரிடம் விற்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஆயிரம் டாலர் பொருளை நூறு டாலருக்கு வாங்கிப்போக ஆட்கள் வருவார்கள். உண்மை விலையை எழுதுங்கள். விலையைக் குறைத்துச் சொல்லி வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் கை நடுங்கும்.

பை விஷயம் அதைவிட அவசரம். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பை வேறு எதற்கும் பயன்படக் கூடாது. ஒரே ஒரு தோட்டா பையின் ஓரத்தையலில் ஒளிந்துகொண்டு சென்னை விமானநிலைய ஸ்கேனரில் தெரிந்தால், 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு. தெரியாமல் கொண்டுவந்தது என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதுவரை பாஸ்போர்ட்டும் லீவும் யார் கையில் இருக்கும்?

ஊருக்குக் கிளம்பும் முன் எங்கள் வீட்டில் எல்லாப் பெட்டியையும் கட்டில்மேல் கவிழ்த்து உதறுவது அவள் வேலை. போன தடவை மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து சுட்டு முடிந்த ஒரு .22 தோட்டாவின் காலிக் குப்பி உருண்டது. ரேஞ்சில் என் சட்டைப் பையில் விழுந்து, சலவையில் எப்படியோ இடம் மாறியிருக்கிறது. அவள் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அன்று மாலையே ரேஞ்சுக்கான சட்டை, பேன்ட், பை மூன்றையும் கராஜில் தனி ஆணியில் மாட்டினேன்.